சாட்சி அண்ணை கண்ட மழை

செத்தவர் உண்மையிலேயே செத்துவிட்டாரா என்று நேரில் போய் எட்டிப் பார்த்த பிறகே மரண அறிவித்தல் போட்ட பத்திரிகை ஆசிரியர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் பாரிசில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலின் சாட்சி அண்ணை. லண்டனிலும் நியூயோர்க்கிலும் பெரிய பெரிய பேப்பர்கள் இருக்கலாம். அவற்றின் ஆசிரியர் யாராவது கையில் குடையோடு பஸ் ஏறிப் போய், பிரேதப் பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்து, “ஓம், இது அவர்தான்” என்று சொல்லிவிட்டு வந்திருப்பாரா? நான் பந்தயம் கட்டத் தயார்.

போன மாதம்கூட ஒரு செத்தவீட்டில் அவரைக் கண்டேன். அவருடைய பேப்பர் நின்று வருஷக்கணக்காகிவிட்டது. இப்போது மரண அறிவித்தலெல்லாம் போனுக்கே வந்துவிடுகிறது; அழுகிற பொம்மையும் சேர்ந்தே வருகிறது. ஆனாலும் மனிதர் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெட்டிக்குள் வடிவாகப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்.

“அண்ணை, இனி எதுக்கு இந்த வேலை?” என்று கேட்டேன்.

“பழகிப்போச்சுத் தம்பி. நான் பாக்காட்டில் அந்தாள் செத்த மாதிரியே இருக்காது.”

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி லாச்சப்பலில் விசாரித்தால் ஒருவரும் வழி காட்டமாட்டார்கள். சாட்சி என்றால் முருங்கைக்காய் பொறுக்குகிற பெண்கள்கூட நிமிர்ந்து, “இப்பதான் இதாலை போனவர்” என்பார்கள்.

ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் ஒரு சின்ன அச்சகம் இருந்தது. ஒரு பாண்டிச்சேரிக்காரருடையது. அவர் தமிழில் சிரித்து, பிரெஞ்சில் மட்டும் கோபப்படுவார். அங்கே கணினியில் பக்கம் கட்டுவது என் வேலை. அதனால்தான் எங்கள் ஊர்ப் பத்திரிகைச் சரித்திரம் முழுவதையும் கதிரையை விட்டு எழும்பாமலே பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

சாட்சி அண்ணையும் ரியூசன் மாஸ்டரும் பாரிசுக்கு வந்த புதிதில் ஒரே அறையில் இருந்து, ஒரே பானையில் சோறு காய்ச்சியவர்கள். அண்ணை ஒரு பிரெஞ்சு றெஸ்ரோறண்டில் வெங்காயம் வெட்டினார். மாஸ்டர் யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவர். இங்கே ஒரு ஹோட்டலில் படுக்கை விரித்தார். இருவருக்கும் இருந்த ஒரே வியாதி பேப்பர் வாசிப்பது. வாசிக்கத் தமிழ்ப் பேப்பர் இல்லாதபடியால் தாங்களே ஒன்றைத் தொடங்கினார்கள். பெயர் ‘பனிமுரசு’. வெள்ளிக்கிழமை தோறும் மரக்கறிக் கடை வாசல்களில் ஒரு தட்டில் கிடக்கும். யாரும் எடுத்துப் போகலாம். கறிவேப்பிலை சுற்றவும் உதவும் என்பதால் நன்றாகவே போயிற்று.

அந்தச் சிநேகிதத்தைப் பிரித்தது பிள்ளையார். அதாவது, பிள்ளையாரின் தேர்.

ஒரு வருஷம் தேரன்றைக்கே தெருவில் கொடுக்க ஒரு சிறப்பிதழ் போடுவதென்று முடிவானது. தேரன்று காலையிலேயே பேப்பர் கையில் இருக்கவேண்டும் என்றால் தேர் ஓடுவதற்கு முன்பே அது ஓடிய கதையை எழுதியாகவேண்டும். மாஸ்டர் அதற்கெல்லாம் அஞ்சுகிறவர் இல்லை. ‘அடியார்களின் அரோகரா ஒலி விண்ணைப் பிளக்க, விநாயகப் பெருமான் வீதியுலா முடித்து, நண்பகலுக்கு முன்னரே இனிதே இருப்பிடம் சேர்ந்தார்’ என்று விளாசிவிட்டார். ஆனால் அன்றைக்கு யாரோ ஒரு புண்ணியவான் தன் காரை மூலைத் திருப்பத்தில் விட்டுவிட்டு எங்கோ போய்விட்டான். தேர் அசையவில்லை. நண்பகல் போயிற்று. பிள்ளையார் நடுத்தெருவில் வெயிலில் நிற்கிறார். அவரைச் சுற்றி நின்ற சனமெல்லாம் பொழுது போகாமல் ‘பனிமுரசு’ வாசிக்கிறது.

ஒரு அம்மா பேப்பரைப் பார்த்தார். நிமிர்ந்து தேரைப் பார்த்தார். திரும்பவும் பேப்பரைப் பார்த்தார். பிறகு, கட்டோடு பேப்பரைச் சுமந்துகொண்டு நின்ற அண்ணையிடம் கேட்டார்: “தம்பி, பிள்ளையார் வீட்டை போய்ச் சேந்திட்டாராம் எண்டு போட்டிருக்கிறியள். அப்ப இதிலை நிக்கிறது ஆர்?”

சனம் சிரித்த சிரிப்பு வடக்கு ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். அண்ணை சிரிக்கவில்லை. மிச்சப் பேப்பரை அப்படியே நிலத்தில் வைத்தார். தேருக்கு முன்னால் எரிந்த கற்பூரத்தில் ஓங்கி அடித்து, “என்ர கண்ணாலை காணாத ஒண்டையும் இனி நான் போடமாட்டன்!” என்று சத்தியம் செய்தார். அன்றைக்கு அவருக்கு வந்த பெயர்தான் சாட்சி.

“விசரே உனக்கு? அப்ப உலகச் செய்தி?” என்றார் மாஸ்டர்.

“உலகத்தை நான் காணேல்லை.”

அடுத்த மாதமே மாஸ்டர் தனியாக ஒரு பேப்பர் தொடங்கினார். பெயருக்காக அவர் அதிகம் யோசிக்கவில்லை. ‘புதிய பனிமுரசு’.

அதன் பிறகு சாட்சி அண்ணையின் பேப்பர் போன போக்கைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். அமெரிக்காவில் ஜனாதிபதி மாறினாலும் அவருக்குத் தெரியாது, காணவில்லை. நாளைய காலநிலை போடமாட்டார்; நாளை இன்னும் வரவில்லை. முன்பக்கத் தலைப்புச் செய்தி இப்படி இருக்கும்: ‘லா கூர்னெவில் நாம் வசிக்கும் கட்டடத்தில் லிஃப்ட் இன்னும் திருத்தப்படவில்லை. நேற்றும் ஏறிப் பார்த்தோம்.’ அதற்குக் கீழே: ‘ரூ பஜோலில் ஒரு புதிய தேத்தண்ணிக் கடை. குடித்தோம். சீனி கூடுதல்.’

பிறந்தநாள் வாழ்த்துப் போடவேண்டும் என்றால் பிள்ளையை நேரில் போய்ப் பார்ப்பார். கொடுத்த படத்தையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்து, “படத்திலை கொஞ்சம் வெள்ளையா இருக்குதே” என்று தாயின் வாயைக் கிண்டுவார். மரண அறிவித்தல் என்றால் கேட்கவே வேண்டாம். கனடாவிலிருந்து அழுதுகொண்டு ஒருவர் போன் எடுப்பார்.

“அண்ணை, எங்கட பெரியப்பா பாரிசிலை மோசம் போட்டார். ஒரு அறிவித்தல் போடவேணும்.”

“முகம் பாக்க எத்தினை மணிக்கு விடுவினம்?”

“அண்ணை, பெரியப்பா செத்தது மெய். நான் ஏன் உங்களுக்குப் பொய் சொல்லுறன்?”

“நீங்கள் பொய் சொல்லேல்லை. ஆனால் நீங்கள் அங்கை, நான் இஞ்சை. ரெண்டு பேரும் காணேல்லை. நான் ஒருக்காப் போய்ப் பாத்திட்டுப் போடுறன்.”

ஒருமுறை இவர் போய்ச் சேர்வதற்குள் பெட்டியை மூடிவிட்டார்கள். திறக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். மரியாதையாக வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை, படம், பிறப்பிடம், வதிவிடம், பத்து நாட்டில் இருக்கிற பேரப்பிள்ளைகள் எல்லாம் முறைப்படி வந்தன. கடைசி வரி மட்டும் இப்படி: ‘அன்னார் காலமானார் எனக் குடும்பத்தினர் கூறுகின்றனர்.’ அந்தக் குடும்பம் இன்றைக்கும் அவரைக் கண்டால் மற்றப் பக்க நடைபாதைக்கு மாறிவிடும்.

ஆனால் ஒன்றையும் சொல்லவேண்டும். நோர்வேயில் பெண்ணை வைத்துக்கொண்டு பாரிசில் மாப்பிள்ளை தேடுகிறவர்கள், “சாட்சி அந்தப் பெடியனைப் பற்றி ஏதாவது போட்டவனோ?” என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். அவர் போட்டால் அது நடந்தது. அதில் இரண்டாவது பேச்சே இருக்கவில்லை.

மாஸ்டரின் பேப்பர் இதற்கு நேர் எதிர். தடிப்பாக வரும். உலகமே அதற்குள் இருக்கும். அதில் சனம் முதலில் பிரிப்பது ‘கேள்விப்பட்டோம்’ என்ற பகுதியைத்தான். அது முழுக்க முழுக்க சாட்சி அண்ணையைத் திட்டுவதற்கென்றே பிறந்தது. ‘ஓர் ஆசிரியர் சாமத்தியச் சடங்கு ஒன்றில் நாலு றோல்ஸ் சாப்பிட்டார் எனக் கேள்விப்படுகிறோம்.’ அடுத்த வெள்ளி ‘பனிமுரசில்’ ‘கண்டோம்’ என்ற பகுதியில் மறுப்பு வரும்: ‘நாலு அல்ல, மூன்று. நாலாவதாக எடுத்தது வடை.’ ‘ஒருவர் கோயிலில் நித்திரை கொண்டார் எனக் கேள்விப்படுகிறோம்.’ மறுப்பு: ‘கண்ணை மூடியிருந்தோம். நித்திரை இல்லை.’ ‘ஒருவர் செத்தவீட்டில் குடை மாறி எடுத்துச் சென்றார்.’ மறுப்பு: ‘அது நமது குடையே. பிடி உடைந்திருப்பதை எவரும் நேரில் வந்து பார்க்கலாம்.’ மாஸ்டர் எழுதிய எதையும் அண்ணை மறுக்காமல் விட்டதே கிடையாது.

இதில் என் பாடு என்னவென்றால், இரண்டு பேப்பருக்கும் பக்கம் கட்டுகிறவன் நான். இரண்டும் வியாழக்கிழமை. ஆளுக்கொரு கதிரையில் எனக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பார்கள். நேரே கதைக்கமாட்டார்கள்.

“தம்பி, அந்தாளுக்குச் சொல்லும், கதவைச் சாத்திப்போட்டு வரச்சொல்லி. குளிருது” என்பார் மாஸ்டர்.

“தம்பி, அவருக்குச் சொல்லு, நான் சாத்தினனான். பேந்து திறந்தது ஆர் எண்டு நான் காணேல்லை” என்பார் அண்ணை.

நான் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லமாட்டேன். எழும்பிப் போய்க் கதவைச் சாத்துவேன்.

ஒரு சித்திரை மாதம், புதன்கிழமை, மெத்ரோ படியில் ஏறும்போது மாஸ்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலை அவருடைய மனைவி தேவி அக்கா அச்சகத்துக்கு வந்தார். முகம் வீங்கியிருந்தது.

“தம்பி, கதைக்கவே ஏலாமல் கிடக்கிறார். அதுக்குள்ளையும் பேப்பர், பேப்பர் எண்டுதான் முனகுறார். இவ்வளவு வருஷத்திலை ஒரு வெள்ளியும் தவறேல்லையாம். நாளைக்கு வராட்டில் சனம் தன்னைச் செத்திட்டான் எண்டு எரிச்சுப்போடுமாம். டொக்ரர் சொன்னவர், எதையும் யோசிச்சு மனம் குழம்பப்படாது, குழம்பினால் தாங்காது எண்டு. இந்த மனுசனை நான் என்னெண்டு குழம்பாமல் வைச்சிருக்கிறது?”

பக்கம் பாதிதான் கட்டியிருந்தேன். முன்பக்கம் வெறுமை. ‘கேள்விப்பட்டோம்’ வெறுமை. சாட்சி அண்ணை தன் கதிரையில் இருந்து தன் பேப்பரின் பிழை பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா போகும்வரை தலை நிமிரவில்லை. ஒரே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் நான் கவனித்தேன்.

மாஸ்டர் பயந்தது சரிதான். மத்தியானத்துக்குள் லாச்சப்பல் அவரை முடித்துவிட்டது. மரக்கறிக் கடையில் ஒருவர் “கடுமையாம்” என்றாராம். அடுத்த கடையில் அது “முடிஞ்சுதாம்” ஆயிற்று. மாஸ்டரின் ஊர்ச் சங்கத் தலைவர் கறுப்புக் கோட்டோடு அச்சகத்துக்கே வந்துவிட்டார். கையில் மாஸ்டரின் படம். கீழே ‘கண்ணீர் அஞ்சலி’.

“சாட்சி, அவரின்ர பேப்பர் இனி வராது. உம்முடைய பேப்பரிலை இதை நாளைக்குப் போட்டுவிடும். முழுப்பக்கம்.”

“பிரேதம் எங்கை?” என்றார் அண்ணை.

“ஆஸ்பத்திரியிலைதான் எண்டு நினைக்கிறன்.”

“நினைக்கிறீரோ, கண்டனீரோ?”

“இதிலையுமோ உம்முடைய விசர்?”

அண்ணை எழும்பினார். குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் அந்தளவு வேகமாக நடந்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

திரும்பி வரும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. குடையைச் சாத்தவே மறந்து, விரித்தபடியே உள்ளே வந்தார்.

“கண்டனீங்களோ அண்ணை?”

“கண்டனான். மூக்கிலை குழாய். கையிலை குழாய். பக்கத்திலை ஒரு மெசின் நிண்டு கத்துது. நல்ல நித்திரை. உயிர் இருக்கு.” பிறகு சங்கத் தலைவர் வைத்துவிட்டுப் போன கண்ணீர் அஞ்சலியை எடுத்து நாலாகக் கிழித்தார். தன் கதிரைக்குப் போகாமல் மாஸ்டரின் கதிரையில் இருந்தார். “மற்றவன்ர பக்கத்தைத் திற.”

“அண்ணை?”

“திறக்கச் சொன்னனான். வெள்ளிக்கிழமை பேப்பர் வரவேணும்.”

உலகச் செய்தியை அவருக்கு நான் வாசித்துக் காட்டினேன். காணாததையெல்லாம் கேட்டுக் கேட்டு, வேப்பங்காய் தின்றவர் போல முகத்தைச் சுழித்துக்கொண்டு, “போடு, போடு” என்றார். அடுத்தது ‘கேள்விப்பட்டோம்’. அதில்லாமல் அந்தப் பேப்பர் வந்தால் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஆகவே சாட்சி அண்ணை தன்னைத் தானே திட்டவேண்டும்.

கொஞ்ச நேரம் யோசித்துச் சொன்னார்: “‘பனிமுரசு ஆசிரியர் இந்தக் கிழமை முழுவதும் நேரத்துக்கு வேலைக்குப் போனார் எனக் கேள்விப்படுகிறோம்.’”

“அண்ணை, இது திட்டோ?”

“வேறை என்ன, நேரத்துக்குத்தானே போனனான்.”

“மாஸ்டர் இப்பிடியோ உங்களைத் திட்டுவார்? கொஞ்சம் காரம் வேணும் அண்ணை.”

மெல்ல மெல்லச் சூடேறியது. தேர்வடத்தில் கையை வைத்துப் படமெடுத்துவிட்டு நழுவியவர் என்றார். செத்தவீட்டில் அழுவதற்கு முன் தேத்தண்ணி எங்கே என்று பார்க்கிறவர் என்றார். வெங்காயம் வெட்டியே கண் பழுதானவருக்குக் கண்டது பற்றி என்ன கதை என்றார். சொல்லிவிட்டு, தானே தொடையில் தட்டிச் சிரித்தார். “அடே, நல்லா இருக்கே! அவனுக்கு இது ஏன் இவ்வளவு நாளும் வரேல்லை?”

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “முன்பக்கத்திலை ஒரு பெட்டி கட்டு. ‘நமது ஆசிரியர் பூரண சுகத்துடன் இருக்கிறார். சிறு ஓய்வின் பின் விரைவில் கடமைக்குத் திரும்புவார்.’”

என் கை அப்படியே நின்றுவிட்டது. கற்பூரத்தில் அடித்த சத்தியத்தை அறியாதவர் லாச்சப்பலில் உண்டா?

“அண்ணை, இதைக் கண்டனீங்களோ?”

“கேள்விப்பட்டனான்.”

“ஆரிட்டை?”

“நானே சொன்னன், நானே கேட்டன். அடி.”

“அப்ப சத்தியம்?”

“அதைப் பிள்ளையாரோடை நான் கதைச்சுக்கொள்ளுறன். நீ அடியடா!” என்று கத்தினார். குரல் நடுவில் உடைந்தது. நான் அடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மரக்கறிக் கடை வாசலில் நின்று பார்த்தேன். ஒருவர் பேப்பரை விரித்தார். “ஆரப்பா மாஸ்டர் முடிஞ்சார் எண்டது? இஞ்சை பாருங்கோ, சாட்சியை நார் நாராக் கிழிச்சிருக்கிறார். சாகப்போற மனுசன் இப்பிடித் திட்டுவானோ?” ஒரு மணி நேரத்தில் வதந்தி செத்தது. தேவி அக்கா ஒரு பிரதியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மாஸ்டர் ‘கேள்விப்பட்டோம்’ முழுவதையும் வாசித்தாராம். “இது நான் எழுதினதில்லை. எனக்கு இவ்வளவு நல்லா வராது” என்றாராம். பிறகு கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாராம்.

மாஸ்டர் வீட்டுக்கு வந்து தேறும்வரை சாட்சி அண்ணை இரண்டு பேப்பரையும் தானே நடத்தினார். வியாழன் காலை மாஸ்டரின் கதிரையில் இருந்து தன்னைத் திட்டுவார். மத்தியானம் தன் கதிரைக்கு மாறிவந்து, போன கிழமைத் திட்டுக்கு மறுப்பு எழுதுவார். ‘தேர்வடத்தை நாம் கடைசிவரை இழுத்தோம். கைத் தழும்பை எவரும் நேரில் வந்து பார்க்கலாம்.’ திட்டும்போதும் உண்மையாகவே கோபம் வரும். மறுக்கும்போதும் உண்மையாகவே கோபம் வரும். எனக்குத்தான் எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியவில்லை.

கோடை வந்தது. நல்ல வெயில் எறித்த ஒரு வியாழன், மாஸ்டர் மெலிந்த உடம்போடு தடி ஊன்றி வந்தார். நான் எழும்பி நின்றேன். அண்ணை எழும்பவில்லை, பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். மாஸ்டர் தன் கதிரையில் இருந்து பார்த்தார். நெளிந்தார்.

“தம்பி, அந்தாளிட்டைக் கேளும், என்ர கதிரையைப் பதிச்சு வைச்சது ஆர் எண்டு.”

“தம்பி, அவருக்குச் சொல்லு, அது பழங்கதிரை. தானாப் பதியும்.”

அவ்வளவுதான். நன்றி இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை. நானும் எவ்வளவோ எதிர்பார்த்துத் தேத்தண்ணிக்குச் சொல்லியிருந்தேன்.

அண்ணை கொஞ்ச நேரம் வெளியே போனபோது மாஸ்டர் என்னிடம் குனிந்தார். “இந்தக் கிழமை ‘கேள்விப்பட்டோம்’ நான் சொல்லுறன், எழுதும். ‘ஓர் ஆசிரியர் ஆஸ்பத்திரிக்கு வந்து, குடும்பத்தவருக்கு மட்டுமே அனுமதி என்ற தாதியிடம், நான் நோயாளியின் கூடப்பிறந்த சகோதரன் என்று பொய் சொல்லி உள்ளே நுழைந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்று குழந்தைப் பிள்ளைபோல் விம்மி அழுதார் எனக் கேள்விப்படுகிறோம்.’”

“ஆர் மாஸ்டர் உங்களுக்குச் சொன்னது?”

“ஆர் சொல்ல வேணும்? நான் நித்திரை எண்டு அந்தாள் நினைச்சது. தாதி வாசலிலை மறிச்சதிலை இருந்து நான் அரைக்கண்ணாலை பாத்துக்கொண்டெல்லே கிடந்தனான்.” அவருடைய கண் கலங்கியிருந்தது. “போடும். என்ன மறுப்பு எழுதுறான் எண்டு பாப்பம்.”

போட்டேன். சனம் வாசித்தது. லாச்சப்பல் முழுவதும் அடுத்த வெள்ளியின் மறுப்புக்குக் காத்திருந்தது.

வியாழன் வந்தது. மாஸ்டர் நேரத்தோடு வந்து, ஒரு பழைய பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு இருந்தார். அண்ணை வந்தார். தன் செய்திகளைச் சொன்னார்: லிஃப்ட் இன்னும் திருத்தவில்லை, ஒரு கலியாணம், ஒரு செத்தவீடு. ‘கண்டோம்’ பகுதியில் மறுப்புக்கென்று நான் இடம் விட்டு வைத்திருந்தேன்.

“இதுக்கு என்ன போடுறது அண்ணை? மறுப்பு?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சேட்டின் நுனியால் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். எதிர்க் கதிரையில் பேப்பர் சரசரப்பது நின்றுவிட்டது.

“அதிலை... மழை பெய்தது எண்டு போடு.”

நான் வெளியே பார்த்தேன். அந்தக் கிழமை முழுவதும் ஒரு துளி விழவில்லை. கடைக்காரர்கள் கீரைக் கட்டு வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். தார் உருகுகிற வெயில்.

“அண்ணை, மழை வந்து...”

“நான் கண்டனான்” என்றார் சாட்சி அண்ணை.

மாஸ்டரைப் பார்த்தேன். அவர் மறுக்கவில்லை. நான் அடித்தேன்: ‘இந்தக் கிழமை லாச்சப்பலில் மழை பெய்தது. கண்டோம்.’ இன்றைக்கு யார் வந்து கேட்டாலும், அந்தக் கிழமை இங்கே நல்ல மழை என்றுதான் நானும் சாட்சி சொல்வேன்.